அரிப்பு நின்றது, பூஞ்சை நிற்கவில்லை

(பூஞ்சை மருந்துகளின் பயன்பாட்டில் மருந்தாளுநரின் பங்கு குறித்து ஆர்.கே.பேட்டையில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



"அண்ணா, அரிப்புக்கு ஒரு ட்யூப் குடுங்க." திருத்தணி வட்டாரத்தில் எந்த மெடிக்கல் வாசலில் சற்று நேரம் நின்றாலும் இந்தக் குரல் காதில் விழும். கையில் சீட்டு இருக்காது. எந்த இடத்தில் அரிப்பு என்று வாங்க வந்தவர் சொல்ல மாட்டார், கொடுப்பவரும் கேட்க மாட்டார். வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற இடம் என்பது இருவருக்கும் தெரியும். அலமாரியிலிருந்து ட்யூப் வரும், சில்லறை கைமாறும், ஒரு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். நோய் இன்னதென்று தீர்மானிப்பது, மருந்தைத் தேர்வது, பூசும் முறையைச் சொல்வது ஆகிய மூன்றும் அந்த ஒரு நிமிடத்துக்குள் நடந்தாக வேண்டும். முதல் இரண்டு ஊகத்தில் நடக்கின்றன. மூன்றாவது நடப்பதே இல்லை.

தறி ஓட்டி வியர்த்து வீடு திரும்புகிறவர்கள் நிறைந்த ஊர் ஆர்.கே.பேட்டை. பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் என்று சுற்றியுள்ள ஊர்களும் நெசவை நம்பியவைதான். ஈரம் காயாத இடுப்புத்துணியும், வீட்டுக்கே பொதுவான துண்டும், நெருங்கிப் படுக்கும் சிறிய அறையும் படர்தாமரைக்குப் போதும். தோல் மருத்துவரைப் பார்ப்பதென்றால் ஒருநாள் கூலியும் பஸ் செலவும் போகும். மருந்துக் கடையோ தெருமுனையில் இருக்கிறது. ஆகவே பூஞ்சை நோய்க்கு முதல் வைத்தியர் பெரும்பாலும் மருந்துக் கடைக்காரர்தான். அவர் அந்தப் பொறுப்பைக் கேட்டு வாங்கவில்லை, ஆனாலும் அது அவரிடம்தான் வந்து நிற்கிறது.

ட்யூபுக்குள் இருப்பது

படர்தாமரைக்குத் தேவை பூஞ்சையைக் கொல்லும் ஒரே ஒரு மருந்து. கடையில் அதிகம் கைமாறிவந்த ட்யூபுகளிலோ மூன்றும் நான்கும் கலந்திருக்கும்: பூஞ்சைக்கு மைக்கோனசோல் அல்லது டெர்பினாஃபின், பாக்டீரியாவுக்கு நியோமைசின் அல்லது ஆஃப்ளாக்சசின், இவற்றோடு கிளோபெட்டசால் என்னும் ஸ்டீராய்டு. தோலில் பூசும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகையைச் சேர்ந்தது கிளோபெட்டசால்.

ட்யூபின் புகழெல்லாம் இந்த ஸ்டீராய்டால் வந்தது. பூஞ்சையை எதிர்த்து உடல் நடத்தும் சண்டையின் அடையாளமே அரிப்பும் சிவப்பும். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடும். திருடன் வீட்டுக்குள் இருக்கும்போது குரைக்கிற நாயின் வாயைக் கட்டுவது போன்ற காரியம் அது. இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், "நல்ல மருந்து" என்று பெயர் பரவும். பூசுவதை நிறுத்தியதும் வட்டம் முன்னைவிடப் பெரிதாகத் திரும்பும். விளிம்பு மங்கி, வட்டத்துக்குள் வட்டமாக, பார்த்த மாத்திரத்தில் படர்தாமரை என்று மருத்துவராலும் சொல்ல முடியாதபடி உருமாறி வரும். தோல் மெலிந்து, தொடை இடுக்கில் அழியாத வரிகள் விழும்.

எந்த இடத்தில் பூசுகிறோம் என்பதும் முக்கியம். ஃபெல்ட்மன், மைபாக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1967இல் ஹைட்ரோகார்டிசோனை உடலின் பல பகுதிகளில் பூசி, எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்தார்கள். முன்கைத் தோல் உறிஞ்சியதைப் போல விதைப்பைத் தோல் 42 மடங்கு உறிஞ்சியது. நம் ஊரில் அந்த ட்யூப் அதிகம் போய்ச் சேரும் இடமும் அதன் அக்கம்பக்கம்தான்.

பூஞ்சை கற்றுக்கொண்டது

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இந்தியத் தோல் மருத்துவர்கள் ஒரு மாற்றத்தைக் கண்டார்கள். முன்பு இரண்டு வாரத்தில் போன படர்தாமரை, மாதக்கணக்கில் போகாமல் நின்றது. குடும்பம் முழுவதற்கும் பரவியது, முகத்திலும் வந்தது. 2018இல் டெல்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், தாங்கள் சோதித்த பூஞ்சை மாதிரிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு டெர்பினாஃபினுக்குக் கட்டுப்படவில்லை என்று வெளியிட்டார்கள். டெர்பினாஃபின் போய் ஒட்ட வேண்டிய ஸ்குவாலின் எபாக்சிடேஸ் என்ற நொதியின் மரபணுவில் சிறு மாற்றம் நேர்ந்திருந்தது. 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்தப் பூஞ்சையைத் தனி இனமாகப் பிரித்து ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயரிட்டார்கள்.

2023 மே மாதம் அது நியூயார்க்கில் இருப்பதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. இரண்டு பெண்கள், இருவருக்கும் டெர்பினாஃபின் பலிக்கவில்லை. ஒருவருக்கு வங்கதேசப் பயணத்தின்போது தொற்றியது. மற்றவர் வெளிநாடு எதற்கும் போகாதவர், அதாவது பூஞ்சை அந்த ஊரிலேயே பரவத் தொடங்கியிருந்தது. தெற்காசியத் தெருமுனையில் ஆராயாமல் விற்கப்படும் ட்யூபுக்கும் இந்தப் பரவலுக்கும் தொடர்பு உண்டு என்பதே தோல் மருத்துவர்களின் பொதுவான கருத்து.

பாக்டீரியாவுக்கு மருந்துகள் பல குடும்பங்களாக இருக்கின்றன. பூஞ்சைக்கு அப்படி இல்லை. அதன் செல் அமைப்பு மனித செல்லோடு நெருங்கியது. நம்மைத் தாக்காமல் அதை மட்டும் தாக்க இடம் குறைவு. நியூயார்க் மாநில சுகாதார ஆய்வகத்தின் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரு பெண் விஞ்ஞானிகள் 1950இல் நிஸ்டாட்டினை அறிவித்தார்கள். ஆம்ஃபோடெரிசின் வெனிசுவேலாவின் ஒரினோகோ ஆற்றங்கரை மண்ணிலிருந்து வந்தது. புனே அருகே பிம்பிரியில் உள்ள அரசு நிறுவனமான ஹிந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸில் எம். ஜே. திருமலாச்சார் குழுவினர் ஹாமைசின் என்ற இந்திய மருந்தையே கண்டுபிடித்தார்கள். இத்தனை உழைப்புக்குப் பிறகும் முக்கியக் குடும்பங்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். உலக சுகாதார நிறுவனம் 2022 அக்டோபரில் ஆபத்தான 19 பூஞ்சைகளின் பட்டியலை முதல்முறையாக வெளியிட்டபோது, மருந்துப் பற்றாக்குறையையும் எதிர்ப்புத்திறன் வளர்வதையும் சேர்த்தே எச்சரித்தது.

கண்ணில் விழுந்த உமி

பூஞ்சை தோலோடு நிற்பதில்லை. அறுவடை நேரத்தில் கண்ணில் உமி தெறிக்கும், கரும்புத் தோகை கீறும். கருவிழியில் ஏற்படும் அந்தச் சின்னக் காயத்தில் பூஞ்சை குடியேறும். 1990களில் மதுரை மாவட்டத்தில் நடந்த கணக்கெடுப்பில், ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் ஏற்படுவதாகத் தெரிந்தது. அமெரிக்காவில் இது சுமார் பதினொன்றுதான். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்த கருவிழிப் புண்களில், கிருமி வளர்த்துப் பார்த்து உறுதியானவற்றில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம் பூஞ்சை.

கண் சிவந்தவர் முதலில் போவது மெடிக்கலுக்கு. அங்கே "கண் சிவப்புக்கு" என்று ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து கொடுத்தால், தோலில் நடந்த அதே கதை கருவிழியில் நடக்கும். வலி குறையும், பூஞ்சை உள்ளே போகும். தொடையில் விழுவது வரி என்றால், இங்கே பறிபோவது பார்வை.

அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2013இல் வெளியான ஆய்வு, பூஞ்சைக் கருவிழிப் புண்ணுக்கு விலை உயர்ந்த வோரிகோனசோல் சொட்டைவிடப் பழைய நாடாமைசினே மேல் என்று காட்டியது. உலகம் முழுவதும் மருத்துவர்கள் பின்பற்றும் அந்த முடிவு தென்னிந்திய நோயாளிகளின் கண்களிலிருந்து வந்தது. நாடாமைசின் கரைசலாக இருக்காது. துகள்கள் அடியில் தங்கும், ஒவ்வொரு முறையும் குலுக்கித்தான் விட வேண்டும். மருத்துவர் எழுதிக் கொடுத்தாலும் "நல்லா குலுக்கி விடுங்கம்மா" என்று சொல்ல வேண்டியவர் மருந்தைக் கையில் கொடுக்கிறவர்.

2021இன் கோடை

கொரோனா இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை என்ற சொல் தமிழ்நாட்டின் வீடுதோறும் நுழைந்தது. 2021 மே மாதம் மாநில அரசு, மியூகார்மைகோசிஸ் என்ற மருத்துவப் பெயர் கொண்ட அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. ஜூலையில் நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்ட கணக்கின்படி, நாடு முழுவதும் 45,000க்கு மேற்பட்டவர்களுக்கு அது கண்டிருந்தது. கட்டுப்படாத சர்க்கரை ஒரு காரணம், அளவுக்கு மீறிய ஸ்டீராய்டு மற்றொன்று. லேசான காய்ச்சலுக்கே டெக்சாமெத்தசோன், மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரைகளை வாட்ஸ்அப் பட்டியலைக் காட்டி வாங்கிப் போனவர்கள் இருந்தார்கள். தோல், கண், மூக்கு என்று நோயின் இடம் மாறினாலும், பூஞ்சைக்கு வழிவிட்டது ஒரே மருந்துக் குடும்பம்தான். மூன்று இடத்திலும் அந்த மருந்துக்கும் நோயாளிக்கும் நடுவில் ஒரு மருந்தாளுநர் நின்றிருக்க முடியும்.

அந்தக் கோடையில் மருத்துவமனை மருந்தாளுநர்கள் செய்த வேலை வெளியே அதிகம் பேசப்படவில்லை. கருப்புப் பூஞ்சைக்கான லிப்போசோமல் ஆம்ஃபோடெரிசினுக்குக் கடும் தட்டுப்பாடு. கிடைக்காத இடத்தில் பழைய வகை ஆம்ஃபோடெரிசினைத் தேடினார்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் அளவு வேறு. லிப்போசோமல் வகையை உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம் கொடுப்பது வழக்கம். 50 கிலோ உள்ளவருக்கு நாளைக்கு 250 மில்லிகிராம், அதாவது 50 மில்லிகிராம் குப்பிகள் ஐந்து. பழைய வகையிலோ கிலோவுக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதே 250ஐ அதில் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. கரைப்பதும் டெக்ஸ்ட்ரோஸில்தான். உப்புநீர் சேர்ந்தால் மருந்து திரிந்துவிடும். சீட்டில் 'ஆம்ஃபோடெரிசின்' என்று மட்டும் எழுதியிருந்தால், எந்த வகை என்று போன் போட்டுக் கேட்பது மருந்தாளுநரின் கடமை.

சட்டம் எங்கே நிற்கிறது

மருந்துகள் சட்டம் 1940இலும் மருந்தியல் சட்டம் 1948இலும் வந்தவை. பதிவு பெற்ற மருந்தாளுநரின் மேற்பார்வையில்தான் சீட்டு மருந்து கொடுக்க வேண்டும் என்பது விதி. சான்றிதழ் சுவரில் தொங்க, ஆள் வேறு வேலையில் இருக்கும் கடைகளும் உண்டு என்பது ஊரறிந்தது. 2015இல் வந்த மருந்தியல் நடைமுறை ஒழுங்குமுறைகள், நோயாளிக்கு விளக்கம் சொல்வதையும் மருந்தாளுநரின் வேலையாக எழுதிவைத்தன.

நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கு ஒரு விழிப்பு வந்தது, அதில் சென்னைக்குப் பெரும் பங்குண்டு. 2012இல் மருத்துவச் சங்கங்கள் கூடி உருவாக்கிய 'சென்னைப் பிரகடனம்' தேசிய அளவில் பேசப்பட்டது. 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த எச்1 அட்டவணை, 46 மருந்துகளுக்குத் தனிப் பதிவேட்டைக் கட்டாயமாக்கியது. யாருக்கு, எந்த மருத்துவர் எழுதி, எவ்வளவு என்று குறிக்க வேண்டும். அந்த 46இல் காச மருந்துகளும் தூக்க மருந்துகளும் இருந்தன, பூஞ்சை மருந்து ஒன்றுகூட இல்லை.

களிம்புகள் கதை இன்னும் சிக்கலானது. வெளிப்பூச்சு என்ற காரணத்தால் பல ஸ்டீராய்டு களிம்புகள் நெடுநாள் சீட்டுக் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்தன. தோல் மருத்துவர் சங்கம் தொடர்ந்து போராடியதன் பிறகு 2018 மார்ச்சில் 14 ஸ்டீராய்டுகளின் வெளிப்பூச்சு மருந்துகள், சீட்டு கட்டாயமான எச் அட்டவணைக்குள் வந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் தடைசெய்யப்பட்ட 328 கூட்டு மருந்துகளில், ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்த சில களிம்புகளும் அடக்கம். பட்டியலில் இல்லாத கலவைகள் மட்டும் புதுப் பெட்டியில் தொடர்ந்தன.

ஆர்.கே.பேட்டைக்கு இதில் கூடுதல் சங்கடம் ஒன்று உண்டு. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணிப் பகுதி ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு நகர்ந்தாலும் சந்தையும் சம்பந்தமும் நகரவில்லை, ஆந்திரப் பக்கம் உள்ள நகரிக்குப் போய் வருவது அன்றாட வழக்கம். மருந்துச் சட்டம் ஒன்றுதான், கடையைச் சோதிக்கும் துறை மாநிலத்துக்கு மாநிலம் வேறு. இந்தப் பக்கம் மறுக்கப்படும் ட்யூபை பஸ் ஏறிப் போய் அந்தப் பக்கம் வாங்கலாம். அந்தப் பக்கம் மறுத்தால் இந்தப் பக்கம்.

கேஸ் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும்

சீட்டோடு வருகிறவரிடமும் மருந்தாளுநருக்கு வேலை இருக்கிறது. படர்தாமரை தீவிரமானால் இப்போது அதிகம் எழுதப்படுவது இட்ராகோனசோல் மாத்திரை. இது கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், சாப்பாட்டோடு விழுங்க வேண்டும். நம் ஊரில் எந்த மாத்திரையோடும் வழித்துணையாக ஒரு கேஸ் மாத்திரை சேர்ந்துவிடும். பான்டோபிரசோலும் ஒமிபிரசோலும் அமிலத்தையே நிறுத்துபவை. காலையில் வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரை, அப்புறம் இட்ராகோனசோல் என்று ஒரு மாதம் விழுங்கியவர், விலை கொடுத்து வாங்கிய மருந்தில் பெரும்பகுதியை உறிஞ்சாமலேயே வெளியேற்றியிருப்பார். பூஞ்சை போகவில்லை என்றதும் மருந்தின் அளவு கூட்டப்படும். தவறு அளவில் இல்லை என்பதைக் கண்டுபிடிக்க, இரண்டு அட்டைகளையும் ஒன்றாகப் பார்க்கும் ஓர் ஆள் வேண்டும்.

இதே இட்ராகோனசோல் இதயம் பலவீனமானவர்களுக்கு ஆகாது. கொழுப்புக்குத் தரும் சிம்வாஸ்டாட்டினோடு சேர்ந்தால் தசையைச் சிதைக்கலாம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவரின் உடலில் இது நிற்கவே நிற்காது. ஃப்ளூகோனசோல் 'வாரத்துக்கு ஒன்று' என்று சர்வசாதாரணமாகக் கொடுக்கப்படுகிறது. கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும். வார்ஃபரின் எடுப்பவருக்கு இரத்தக்கசிவு வரலாம். கர்ப்பிணிகளுக்குக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரையும் இரத்த அழுத்த மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. நல்ல ஏற்பாடு. அதனாலேயே, அந்த மாத்திரைகளின் பெயர் தெருமுனைக் கடைக்காரருக்குத் தெரிவதில்லை. சர்க்கரை மருந்து ஒரு கையிலிருந்து, பூஞ்சை மருந்து இன்னொரு கையிலிருந்து. "வீட்டுக்குக் கொண்டாந்து தர்ற மாத்திரை எதாவது சாப்பிடுறீங்களா?" என்ற கேள்வியைக் கடையில் கேட்டால்தான் இரண்டும் சந்திக்கும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

பிரிட்டனில் பூஞ்சையால் வரும் பெண்களின் வெள்ளைப்படுதலுக்கு ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம் ஒற்றை மாத்திரையைச் சீட்டில்லாமலே மருந்தாளுநரிடம் வாங்கலாம். வயது 16க்கும் 60க்கும் இடையிலா, கர்ப்பமா, ஆறு மாதத்தில் இதற்கு முன் எத்தனை முறை வந்தது, வேறு என்ன மருந்து என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார். பதில் சரியில்லை என்றால் மருத்துவரிடம் அனுப்புவார். சீட்டில்லாமல் வாங்குவது அங்கேயும் உண்டு. கேள்வி கேட்பதும் உண்டு.

நம் கடைகளுக்குப் பொருந்தும் கேள்விகள் சில. எத்தனை நாளாக இருக்கிறது? இதற்குமுன் என்ன பூசினீர்கள்? சீமை அகத்திக் களிம்பாக இருந்தாலும் சரி, அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கிய ட்யூபாக இருந்தாலும் சரி, பெயர் தெரிய வேண்டும். வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது? சர்க்கரை உண்டா? தலையில், நகத்தில், முகத்தில் வந்திருந்தாலும், குழந்தைக்கு வந்திருந்தாலும், உடலெங்கும் பரவியிருந்தாலும், திரும்பத் திரும்ப வந்தாலும் மருத்துவரிடம் அனுப்பிவிட வேண்டும். கண் சிவப்புக்கு, அதுவும் கண்ணில் எதாவது பட்ட பிறகு வந்த சிவப்புக்கு, ஸ்டீராய்டு சொட்டு கொடுக்கவே கூடாது.

களிம்பு கொடுத்தால் பூசும் முறையையும் சொல்ல வேண்டும். வட்டத்தின் விளிம்பையும் தாண்டி இரண்டு விரற்கடை பூச வேண்டும். மறைந்த பிறகும் இரண்டு வாரம் நிறுத்தக் கூடாது. துண்டும் உள்ளாடையும் ஆளுக்குத் தனி. துணியை உள்புறம் வெளியே தெரியத் திருப்பி வெயிலில் காயப்போட வேண்டும். அரைஞாண் கயிறும் கைக்கயிறும் ஈரத்தையும் பூஞ்சையையும் தேக்கிவைக்கும், சிகிச்சை முடியும்வரை கழற்றி வைப்பது நல்லது. இதை வெள்ளைக்கோட்டு மருத்துவர் சொல்வதைவிட, குடும்பத்தைத் தெரிந்த கடைக்காரர் சொன்னால் காதில் ஏறும்.

இனிச் செய்யக் கூடியவை

2025 பிப்ரவரி 24 அன்று தமிழ்நாட்டில் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. பி.ஃபார்ம், டி.ஃபார்ம் படித்தவர்கள் சொந்தமாகக் கடை வைக்க அந்தத் திட்டம் வழிசெய்கிறது. படித்தவரே கல்லாவுக்குப் பின்னால் நிற்கும் கடைகளில் கேள்வி கேட்கும் பழக்கத்தைத் தொடங்குவது எளிது. பூஞ்சை மாத்திரைகளை எச்1 பதிவேட்டில் சேர்க்கும்படி மருந்தாளுநர் அமைப்புகளே கோரலாம். அரசு ஆணைக்குக் காத்திராமல், ஒரு சாதாரண நோட்டில் இட்ராகோனசோல், ஃப்ளூகோனசோல், டெர்பினாஃபின் விற்பனையைக் குறித்துவரலாம். எவர் மூன்றாம் முறையாக வருகிறார் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

இவற்றுக்கெல்லாம் கடைக்காரர்கள் சொல்லும் மறுப்பு ஒன்று உண்டு. "நான் குடுக்கலன்னா அடுத்த கடையில வாங்கிக்குவாங்க." அதில் நியாயம் இருக்கிறது. வாடகையும் கரண்டு பில்லும் கட்ட வேண்டியவர் அவர். ஆனால் ஸ்டீராய்டு இல்லாத க்ளோட்ரிமசோல் களிம்பும் அதே அலமாரியில்தான் இருக்கிறது. வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப வேண்டியதில்லை. "அரிப்பு அடங்க நாலஞ்சு நாள் ஆகும், நடுவுல நிறுத்தாதீங்க" என்று சொல்லிக் கொடுத்தால் போதும்.

மிச்சம் இருப்பது அடுத்த கடை. அதற்குத் தனியொருவரின் மனசாட்சி போதாது, கூட்டு ஏற்பாடு வேண்டும். ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு, சோளிங்கர், நகரிக் கடைக்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றாக உட்கார்ந்து பேசலாம். சீட்டில்லாமல் கிளோபெட்டசால் கலவை எந்தக் கடையிலும் கிடைக்காது என்று முடிவு செய்து, தமிழிலும் தெலுங்கிலும் அச்சிட்ட ஒரே அட்டையைக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டலாம். இரண்டு மாநிலத்து மருந்து ஆய்வாளர்களையும் அந்தக் கூட்டத்துக்கு அழைத்தால் நல்லது.